இரண்டு 1.6.2

பனிமூட்டம் (கோத்தகிரி):

உள்ளே வைத்துக் கொடுக்கும் மற்றவர் மென்பொருள் மட்டும் மாறினால் நம் வெர்ஷன் எண்ணையும் கூட்ட வேண்டுமா என்றுதானே பேச்சு? எனக்குப் போன ஆடி மழையில் நடந்ததைச் சொல்கிறேன். தேயிலை ஃபேக்டரிகளுக்காகப் பைத்தான் மொழியில் எழுதிய ஒரு சின்ன பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) வைத்திருக்கிறேன். இலை ஏஜென்ட் கொண்டுவரும் எடைச் சீட்டைப் போட்டோ எடுத்துக் கொடுத்தால், பெயரையும் கிலோவையும் படித்துக் கணக்கில் ஏற்றும். படிக்கிற வேலை என்னுடையது இல்லை, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் என்ற மென்பொருளுடையது. அதன் பைனரியையும் (அப்படியே ஓட்டக்கூடிய கோப்பு), தமிழ் எழுத்தை அடையாளம் காண அதற்கு வேண்டிய மாடல் கோப்பையும் பேக்கேஜுக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிடுவேன். தனியாக இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல நம் ஊர் நெட்டை நம்ப முடியாது. கட்டபெட்டுப் பக்கம் ஒரு மரம் சாய்ந்தால் கேபிள் திரும்ப வர இரண்டு நாள் ஆகும்.

சைஸ் பெரிதாக இருக்கிறதே என்று ஒருநாள் உள்ளே இருந்த 'பெஸ்ட்' மாடலை எடுத்துவிட்டு 'ஃபாஸ்ட்' மாடலைப் போட்டேன். டெசராக்ட் திட்டமே இரண்டையும் தருகிறது. ஃபாஸ்ட் சின்னது, வேகமானது, துல்லியம் கொஞ்சம் குறைவு. என் கோடில் ஒரு வரி மாறவில்லை, அப்புறம் எண்ணை எதற்கு மாற்ற வேண்டும்? அதே 1.6.2 என்ற பெயரில், எங்கள் சர்வரில் பழைய கோப்பின் மேலேயே ஏற்றிவிட்டேன். பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான பைபிஐ என்றால் விட்டிருக்காது. அங்கே ஒரு கோப்புப் பெயரை ஒருமுறைதான் பயன்படுத்தலாம், அழித்துவிட்டாலும் அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. எங்கள் சர்வர் வெறும் ஃபோல்டர், கேள்வி கேட்க ஆளில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஃபேக்டரியிலிருந்து போன். "தம்பி, சீட்டுல 48 கிலோ இருக்கு, கம்ப்யூட்டர் 43-ங்குது." அதே போட்டோவை வாட்ஸப்பில் வாங்கி என் லேப்டாப்பில் ஓட்டினேன். 48 என்றே வந்தது. உங்கள் வெர்ஷன் என்ன என்றேன், 1.6.2 என்றார்கள். என்னிடமும் 1.6.2. சீட்டு நனைந்திருக்கும், கேமரா சரியில்லை, வெளிச்சம் போதவில்லை என்று எல்லாவற்றையும் அவர்கள் தலையிலேயே கட்டினேன்.

நாலாவது போனுக்கு அப்புறம் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பைக்கில் கீழ்கோத்தகிரி பக்கம் கிளம்பினேன். தராசுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி நின்றிருந்தார், அந்த 5 கிலோவுக்காக. சீட்டை நான்காக மடித்து பிளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பில் செருகி வைத்திருந்தார். திரையை அவர் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

மாடல் கோப்பின் சைஸைப் பார்த்த நிமிடமே விளங்கிவிட்டது. அது புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர். அதனால் புது 1.6.2 இறங்கியிருக்கிறது. என் லேப்டாப்பில் பிப் (பேக்கேஜை இறக்கிப் போடும் கருவி) வழியாகப் போட்டிருந்தது பழைய 1.6.2. அப்டேட் கொடுத்தாலும் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று பிப் சும்மா இருந்துவிடும், எண் ஒன்றுதானே.

சிம்ஸ்பார்க் (குன்னூர்):

அண்ணா, 1.6.2+ஃபாஸ்ட் என்று போட்டிருந்தால் தீர்ந்திருக்குமோ என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெர்ஷன் எண் போடுவதற்கான செம்வெர் 2.0.0 என்ற பொது விதியில் + குறிக்குப் பின்னால் வருவதை எது புதிது, எது பழையது என்று பார்க்கும்போது கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். பைபிஐ-யோ + போட்ட எண்ணை ஏற்றவே விடாது.

டெபியன் லினக்ஸ்காரர்கள் வழி எனக்குப் பிடிக்கும். 5.3.0-2 என்றால் உள்ளே இருப்பது 5.3.0, கட்டியது இரண்டாம் முறை. விண்டோஸுக்கு மென்பொருள்களைத் தொகுத்துத் தரும் சாக்லேட்டியிலும் பேக்கேஜை மட்டும் திருத்தினால் நாலாவது எண்ணாகத் தேதியை ஒட்டுகிறார்கள். ஆனால் இதெல்லாம் ஒரு மென்பொருளை மட்டும் கட்டிக் கொடுப்பவருக்குப் பொருந்தும். உங்களுக்கு சொந்தக் கோடும் உண்டு, பைனரியும் உண்டு, மாடலும் உண்டு. மூன்றையும் ஒரே எண்ணில் திணிக்கப் பார்த்தால் லாரி நம்பர் பிளேட் மாதிரி ஆகிவிடும்.

மேட்டுப்பாளையத்தில் ஏறினால் குன்னூர் வரை நீராவி எஞ்சின், இங்கிருந்து ஊட்டிக்கு டீசல். டிக்கெட் ஒன்றுதான், பயணிக்குத் தெரியாவிட்டால் குற்றமில்லை. ஷெட்டில் இருக்கிற ஆளுக்கே தெரியாவிட்டால்?

ஏரிக்கரை (கொடைக்கானல்):

எனக்கு நேர்ந்தது வேறு விதம். 2023 செப்டம்பரில் வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை வந்ததே, சிவிஇ-2023-4863 என்று பட்டியலில் எண் கொடுத்தார்களே, ஒரு படத்தைத் திறந்தாலே ஆபத்து என்றார்களே, அப்போது. ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு எலக்ட்ரானில் (வெப்சைட் போல எழுதியதைக் கம்ப்யூட்டர் செயலியாக்கும் கருவி) ஒரு செயலி செய்து கொடுத்திருந்தேன். நான் லிப்வெப்பியைப் பயன்படுத்தவே இல்லை என்று தைரியமாகத்தான் இருந்தேன். தேடிப் பார்த்தால் மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எலக்ட்ரானுக்குள் குரோமியம் பிரவுசர், அதற்குள் ஒன்று. படத்தைச் சுருக்க வைத்திருந்த பைத்தான் துணுக்கில் பில்லோ என்ற பட நூலகம், அதன் வீலுக்குள் (இறக்கிப் போடும் தொகுப்புக் கோப்பு) ஒன்று. எப்போதோ நானே கையால் காப்பி செய்து போட்ட, படத்தை வெப்பியாக மாற்றும் சிடபிள்யூவெப்பி பைனரி இன்னொன்று. முதல் இரண்டுக்கும் அவரவர் புது வெளியீடு விட்டுவிட்டார்கள். பில்லோ 10.0.1-இல் லிப்வெப்பி 1.3.2 வந்துவிட்டது. மூன்றாவது எந்த வெர்ஷன், எங்கே இறக்கினேன், ஒன்றும் எழுதி வைக்கவில்லை. என் பைனரி, நானே அநாதையாக விட்டிருந்தேன்.

புது இன்ஸ்டாலர் எண்பது எம்பிக்கு மேல். பாதி ஏறும்போதெல்லாம் லைன் அறுந்தது. கடைசியில் பஸ் பிடித்து வத்தலக்குண்டில் இறங்கி ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஏற்றினேன். கோடில் மாற்றமே இல்லாத அந்த வெளியீட்டுக்கு எண் கூட்டினேன். குறிப்பில் முதல் வரியே 'பாதுகாப்புக்காக உள்ளே இருக்கும் நூலகம் மாற்றப்பட்டது' என்றுதான்.

யானைப்பாதை (கூடலூர்):

என் கதை சின்னது. உபுண்டு லினக்ஸ் 22.04-இல் பைனரியைக் கட்டி, கடைசியில் வரும் பேட்ச் எண்ணை மட்டும் கூட்டி அனுப்பினேன். அதைப் போட்ட கம்ப்யூட்டரில் இருந்தது பழைய உபுண்டு 18.04. 'ஜிலிப்சி 2.34 இல்லை' என்று எழுந்திருக்கவே மறுத்துவிட்டது. ஜிலிப்சி என்பது புரோகிராம்கள் ஓட வேண்டிய அடிப்படை நூலகம், 18.04-இல் இருப்பது 2.27. இப்போதெல்லாம் இருப்பதிலேயே பழைய சிஸ்டத்தின் கன்டெய்னரில்தான் (கம்ப்யூட்டருக்குள்ளேயே தனியாக ஓடும் சூழல்) கட்டுகிறேன். அந்த அடித்தளத்தை உயர்த்தினால் முதல் எண்ணையே உயர்த்திவிடுவேன்.

பனிமூட்டம் (கோத்தகிரி):

சிம்ஸ்பார்க் தம்பி சொன்னதுதான், எண்ணில் எல்லாவற்றையும் திணிக்கவில்லை. எண் என்னுடையது. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குத் தனி கோப்பு: ஒவ்வொரு பைனரிக்கும் வெர்ஷன், இறக்கிய இடம், ஷா-256 (கோப்பின் கைரேகை போன்ற எண்). வெர்ஷன் கேட்டால் அத்தனையும் திரையில் வரும். உள்ளே ஒரு பைட் மாறினாலும் எண் கூடும். அதனால் சீட்டில் படிக்கும் கிலோ மாற வாய்ப்பு இருந்தால் முதல் எண்ணே கூடும். சர்வரிலும் ஏற்கெனவே இருக்கும் பெயரில் ஏற்ற முடியாதபடி பூட்டிவிட்டேன்.

இதனால் ஒரு வருடத்துக்குள் 4.0 வந்துவிட்டது. ஃபேக்டரி மேனேஜர் போன் செய்து "என்னப்பா புதுசா போட்டிருக்க?" என்றார். புதிதாக ஒன்றும் இல்லை சார், எழுத்தைப் படிக்கிற கோப்பு மட்டும் மாறியிருக்கிறது என்றேன். "அப்படியா, இரு. நேத்து வந்த சீட்டு எல்லாத்தையும் முதல்ல அதுல ஓட்டிப் பாத்துட்டு மாத்திக்கறேன்" என்று வைத்துவிட்டார்.