பிள்ளைகளின் உடல்நலம்: எடையைக் கவனிக்கும் கொள்கையா, சூழலை மாற்றும் கொள்கையா?

கேள்வி – உட்லண்ட்ஸ் தாய்
என் மகன் தொடக்கநிலை 2 மாணவன். சிங்கப்பூரில் பிள்ளைகளின் உடல்நலத்துக்காக 2025 ஜனவரியில் தொடங்கப்பட்ட ‘குரோ வெல் எஸ்ஜி’ திட்டத்தின்கீழ், பள்ளியில் நடந்த பரிசோதனைக்குப் பிறகு அவனுக்கென ஒரு சுகாதாரத் திட்டம் வந்துள்ளது. தூக்கம், திரைநேரம், உணவு, உடற்பயிற்சி ஆகிய நான்கையும் அது பேசுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும், எடை மிகுந்த பிள்ளை என்ற முத்திரை அவன் மனத்தில் விழுந்துவிடுமோ என அஞ்சுகிறேன். இத்தகைய திட்டங்கள் உண்மையில் பயன் தருகின்றனவா?

பதில் – பழைய மாணவர்
உங்கள் அச்சம் நியாயமானது. 1992 முதல் 2007 வரை பள்ளிகளில் நடப்பிலிருந்த ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டத்தில் எடை மிகுந்த மாணவர்களைத் தனியே பிரித்து உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். மாணவரிடையே உடல் பருமன் குறைந்தது உண்மைதான். ஆனால் சக மாணவர்களின் கேலியைத் தாங்கியவர்கள் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். எண்ணிக்கை குறைந்ததை மட்டும் வைத்து அதை வெற்றி என்று சொல்ல என்னால் முடியாது. பின்னர் எல்லா மாணவரையும் உள்ளடக்கிய அணுகுமுறைக்கு கல்வி அமைச்சு மாறியதை நான் மனமார வரவேற்றேன்.

பதில் – சுகாதாரத் துறை ஊழியர்
எந்தப் பிள்ளையையும் சுட்டிக்காட்டாமல் பலன் தந்த கொள்கைக்கு பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரமிடும் ‘நியூட்ரி-கிரேட்’ நல்ல எடுத்துக்காட்டு. 2022 டிசம்பர் 30 முதல், சர்க்கரையோ நிறைவுற்ற கொழுப்போ மிகுந்து சி அல்லது டி தரம் பெறும் பொட்டல பானங்கள் அத்தரத்தை உறையிலேயே காட்ட வேண்டும். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தாலே டி தரம்தான். டி தரப் பானங்களை விற்பனை இடத்துக்கு வெளியே விளம்பரப்படுத்தவும் முடியாது. ஓராண்டு கழித்து, கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் விதி விரிவாக்கப்பட்டது. மோசமான தரத்தைத் தவிர்க்க நிறுவனங்களே சர்க்கரையைக் குறைத்தன: பொட்டல பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 2017இல் 7.1 விழுக்காடாக இருந்து, 2023இல் 4.6 விழுக்காடாக இறங்கியது. பிள்ளை தன் விருப்பத்தை மாற்றிக்கொள்ளாமலேயே அவன் குடிக்கும் பானம் மாறிவிட்டது என்பதே இதன் சிறப்பு.

பதில் – பாலர் பள்ளி ஆசிரியை
ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெற்றோர் இருவரும் இரவு நேர வேலைக்குச் செல்லும் வீட்டில், பிள்ளை நேரத்தோடு உறங்குவதும் மாலையில் கீழே இறங்கி விளையாடுவதும் அறிவுரையால் மட்டும் நடந்துவிடாது. அத்தகைய குடும்பங்களுக்குப் பள்ளிக்குப் பிந்திய பராமரிப்பு நிலையத்திலேயே விளையாட்டு நேரம் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

உட்லண்ட்ஸ் தாய்க்கு: பள்ளியிலிருந்து வந்த சுகாதாரத் திட்டத்தை மகன் கையில் கொடுத்து அவனுடைய எடையைப் பற்றிப் பேசாதீர்கள். அதிலிருந்து ஒன்றை மட்டும், எடுத்துக்காட்டாகப் படுக்கையறைக்குக் கைப்பேசி எடுத்துச் செல்லாத வழக்கத்தை, தாத்தா பாட்டி உட்பட வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக்குங்கள். எடை குறித்த ஐயங்களை, அவன் அருகில் இல்லாதபோது, குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள்.