தை 7 காது குத்து: பெரிய வீட்டுச் சொந்தங்கள் குழு

11 ஜனவரி 2025, சனி

தம்பி கொலம்பஸ், காலை 9:52: ஜெயிச்சாச்சு!!! 28–14. டெக்சாஸ் காலி

சித்தப்பா சென்னிமலை: வாழ்த்துகள் கண்ணு. கபடியா?

தம்பி கொலம்பஸ்: ஃபுட்பால் சித்தப்பா. நான் படித்த ஒஹாயோ ஸ்டேட் காலேஜ் டீம். செமி ஃபைனல்

சித்தப்பா சென்னிமலை: ஃபுட்பாலில் 28 கோலா? கோல் கீப்பர் கல்யாணத்துக்குப் போயிருந்தானா

தம்பி கொலம்பஸ்: ஃபைனல் 20-ஆம் தேதி, அட்லாண்டாவில். அக்கா, உன்னிடம் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்

அக்கா: எதற்குத் தனியாக? இங்கேயே சொல்

அக்கா: 20 என்றால் தை 7

தம்பி கொலம்பஸ்: தெரியும்

அக்கா: தை 7 என்ன நாள் என்று தெரியுமா?

தம்பி கொலம்பஸ்: பாப்பா காது குத்து

அம்மா: 16-ஆம் தேதி பிளைட் ஏறுகிறாய் அல்லவா சாமி?

பெரியப்பா கோபி: எல்லோரும் ஆட்டத்தைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். நான் முப்பது வருடம் பிடி வாத்தியாராக இருந்தவன். இது அமெரிக்க ஃபுட்பால். பக்கத்துக்கு 11 பேர், பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினால் பந்து நம்மிடமே இருக்கும், இல்லாவிட்டால் எதிராளிக்குப் போய்விடும். எல்லைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் 6 புள்ளி, பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1. ஆக 28 என்றால் நாலு தடவை. சரி, இனி இந்த ஆண்டுக் கதை. முதலில் 12 ஆட்டம். 10 வெற்றி, 2 தோல்வி. அக்டோபரில் ஓரிகனிடம் 32–31, ஒரே ஒரு புள்ளி. நவம்பர் 30 அன்று சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13–10. அந்த மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம், அத்தனை பேர் முன்னால் தோற்றார்கள். மிச்சிகனோடு 1897 முதல் மோதல். தொடர்ந்து நாலாவது ஆண்டாக அவர்களிடம் தோல்வி. முடிந்ததும் ஜெயித்தவன் மைதானத்து நடுவில் கொடி நடப் போக, அடிதடி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்துத்தான் பிரித்தார்கள். கோச் ரயன் டேயைத் துரத்து என்று ஒரே சத்தம். பழைய முறை என்றால் கடைசிச் சுற்றுக்கு 4 அணிதான், இவர்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஆண்டுதான் 12 என்று ஆக்கினார்கள். எட்டாவது ஆளாக உள்ளே நுழைந்து டென்னசியை 42–17, முன்பு தோற்ற அதே ஓரிகனை ஜனவரி 1 அன்று 41–21, இப்போது டெக்சாஸ்.

அத்தை விஜயமங்கலம்: என்ன அண்ணா இவ்வளவு நீளம், யாருக்கு என்ன ஆச்சு? கண்ணாடி எடுப்பதற்குள் உயிரே போய்விட்டது

சித்தப்பா சென்னிமலை: ஒன்றும் இல்லை அக்கா. டென்னசி தோற்றுவிட்டானாம்

அத்தை விஜயமங்கலம்: யார் அது

அம்மா: அண்ணி, உங்கள் அகத்தியில் கீரை இருக்குங்களா? அம்மா ராத்திரி ஏகாதசிக்குக் கண் விழித்துவிட்டு இன்னும் விரதம் முடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்

அத்தை விஜயமங்கலம்: இருக்கு. ஆள் அனுப்பு. பூச்சி இருக்கும், பார்த்து ஆய்ந்துகொள்

பெரியப்பா கோபி: ஒன்று விட்டுவிட்டேன். இன்று கடைசி நேரத்தில் டெக்சாஸ் எல்லைக் கோட்டுக்கு 8 கஜத்தில் நின்றது. போட்டிருந்தால் சமன். நம் ஆள் ஜாக் சாயர் பந்தைத் தட்டி விட்டு, தானே எடுத்து 83 கஜம் ஓடிப் புள்ளி போட்டான். பந்தைப் பறிகொடுத்த குவின் யூவர்ஸ் 2021-இல் இதே ஒஹாயோவில் இருந்தவன். அப்போது இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள்!

சித்தப்பா சென்னிமலை: ஒரே அறையில் இருந்தவன்தான் பறிப்பான். கிணற்று மோட்டாரில் நான் பார்க்காததா

பெரியப்பா கோபி: யாரைச் சொல்கிறாய்

அப்பா: அதை இங்கே எடுக்க வேண்டாம்

மச்சான்: ஆசாரி, பந்தல், சமையல் எல்லாவற்றுக்கும் அம்மா அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். கோயிலிலும் சொல்லியாச்சு. மடி மட்டும்தான் பாக்கி

தம்பி கொலம்பஸ்: மச்சான், 21 ராத்திரி ஏறினால் 23 வந்துவிடுவேன். தை 12 வைக்கலாமே?

அக்கா: சனிக்கிழமையா

மச்சான்: அம்மா சனி வேண்டாம் என்கிறார்கள்

சித்தப்பா சென்னிமலை: மாசி?

அக்கா: பாப்பா பிறந்த மாதம்

சித்தப்பா சென்னிமலை: கோவையில் பெரிய அண்ணன் மகன் இருக்கிறானே, அவனும் தாய்மாமன்தானே. அவன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிடலாம்

பெரியப்பா கோபி: என் மகனை இழுக்க வேண்டாம். அவன் கல்யாணத்துக்கு யார் யார் வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்

அப்பா: அண்ணா, அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்

பெரியப்பா கோபி: தெரியும்

அப்பா: தம்பி, ஃபைனல் நம் நேரப்படி எப்போது?

தம்பி கொலம்பஸ்: 21 காலை 6 மணி

அப்பா: அப்புறம் என்ன? 20 காலையில் காது குத்தி முடித்துவிட்டு, மறுநாள் காலை இங்கேயே டிவியில் பார்க்கலாமே

அக்கா: 👏👏

தம்பி கொலம்பஸ்: டிவியில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றாப்பா? இங்கிருந்து அட்லாண்டா காரில் ஒன்பது மணி நேரம். நாலு பேர் சேர்ந்து போவதாகப் பேசியாச்சு. 2014-க்குப் பிறகு கப்பே அடிக்கவில்லை

அத்தை விஜயமங்கலம்: உங்கப்பன் டிவியில் பார்த்ததற்கே என் மகள் சீர் ராத்திரி பதினொன்று ஆனது

அப்பா: அக்கா

அத்தை விஜயமங்கலம்: 2011 ஏப்ரல் 2. மண்டபத்து வாசலில் தட்டெல்லாம் ஜீப்பிலேயே இருக்கிறது, தாய்மாமன் எதிர்க் கடை டிவி முன்னால். டோனி சிக்ஸர் அடித்த பிறகுதான் உள்ளே வந்தான். என் மாமியார் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டினார்

சித்தப்பா சென்னிமலை: உலகக் கோப்பை அக்கா அது

அத்தை விஜயமங்கலம்: நீயும்தான் பக்கத்தில் நின்றாய்

அம்மா: தோடு எடுக்க வேண்டும். பவுன் 58 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அவன் வந்து எடுக்கட்டும் என்றுதான் இருந்தேன்

தம்பி கொலம்பஸ்: பணம் இன்றே போடுகிறேன்மா

அக்கா: பணம் யார் கேட்டது

தம்பி கொலம்பஸ்: அக்கா போனை எடு

தம்பி கொலம்பஸ்: அக்கா

பெரியப்பா கோபி: நான் வேண்டுமானால் சம்பந்தி அம்மாவிடம் நிலைமையை விளக்கமாகச் சொல்கிறேன். எதிர் அணி நோட்டர் டேம், சாதாரண அணி இல்லை என்று

அக்கா: வேண்டாம் பெரியப்பா. போன தடவை விளக்கியதே போதும்

சித்தப்பா சென்னிமலை: 6 மணி ஆட்டம் எந்தச் சேனலில் வரும்?

பெரியப்பா கோபி: கேட்டுச் சொல்கிறேன்

அம்மா: கீரை வந்தது அண்ணி. பாதி பூச்சி

அத்தை விஜயமங்கலம்: சொன்னேனே

மச்சான்: பொங்கல் நோம்பிக்கு அச்சகம் மூடிவிடுவார்கள். இன்று சாயங்காலத்துக்குள் பத்திரிகைக்குச் சொல்ல வேண்டும். தாய்மாமன் பெயர் போடச் சொல்லிவிடட்டுமா?

அப்பா: போடுங்க மாப்பிள்ளை

அக்கா: பொறுங்க

அத்தை விஜயமங்கலம்: யார் பெயரை?