மேக்ஸ் பெய்ன் 1: இருட்டுல சிவப்புக் கோடு, விழுந்துட்டே இருக்கேன், அவசரம்

நைட்ஷிப்ட்_நவீன் | வியாழன், இரவு 11.42
ரெண்டு நாளா ஒரே இடத்துல நிக்கிறேன். மேக்ஸ் பெய்ன் கேம்ல கனவு மாதிரி ஒரு இடம் வருதே, சுத்தி ஒண்ணுமே இல்லாம கருப்பா, நடுவுல சிவப்பா ஒரு கோடு மட்டும். அது மேல நடக்கணும். எப்படிப் போனாலும் விழுந்து செத்துடுறேன். எந்தப் பக்கம் திரும்பணும்னு யாராச்சும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை ஊருக்குக் கிளம்புறேன், அதுக்குள்ள இதைத் தாண்டணும்.

பழைய_சிபியு | 11.50
ப்ரோ, அந்தக் கனவு ரெண்டு தடவை வரும். பாகம் 2 தொடங்கும்போது ஒண்ணு, பாகம் 3 தொடங்கும்போது ஒண்ணு. உங்களுக்கு எது? விளையாடுறது கம்ப்யூட்டர்லயா, பிஎஸ் 2லயா, 2012ல வந்த மொபைல் பதிப்புலயா? மொபைல்னா விரலால தாவுறதே பெரிய பாடு, அதுக்குத் தனி வழி சொல்லணும்.

ரெட்டை_பெரட்டா | 11.58
ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் ஓடுதுங்கிறது, அதுதான் காரணம். 2001ல வந்த கேம் இது. இன்னைக்கு இருக்குற கிராபிக்ஸ் கார்டுல கட்டுப்பாடே இல்லாம ஓடும், தாவுற தூரம் கணக்குல நிக்காது. கார்டு செட்டிங்ஸ்ல போய் 60க்குப் பூட்டிட்டு திரும்ப ஓட்டிப் பாருங்க. எந்தப் பழைய கேமா இருந்தாலும் நான் முதல்ல செய்யுறது அதைத்தான்.

தளபதி_64 | வெள்ளி, 12.10
இந்தக் கேள்வி இங்க வராத மாசமே கிடையாது. தேடிப் பார்த்துட்டுப் போடுறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகுமா? எந்தப் பாகம், எந்த மெஷின், எந்த விண்டோஸ், எந்தக் கஷ்டநிலை, இது நாலும் இல்லாம உதவி கேட்டா ஜோசியம்தான் பார்க்கணும். நான் டெட் ஆன் அரைவல்ங்கிற கஷ்டநிலைல முடிச்சவன். அதுல ஒரு அத்தியாயத்துக்கு 7 சேவ்தான். அந்த ஏழை வெச்சுக்கிட்டு இதே கோட்டைத் தாண்டினேன். பொறுமை இருந்தா யாராலயும் முடியும்.

ரவை_தீர்ந்தது | 12.16
நண்பா, தாவுறதுக்கு எந்த பட்டனை அழுத்துறீங்க? மவுஸ் வலது பட்டனோட சேர்த்து அழுத்தினா மேக்ஸ் ஸ்லோ மோஷன்ல படுத்த வாக்குல பாய்வான். சுடும்போது அது அழகு, கோட்டு மேல அப்படிப் பாய்ஞ்சா நேரா பள்ளம். வெறும் ஸ்பேஸ் பார் மட்டும் போதும். நானும் முதல் தடவை இதே தப்பைப் பண்ணி ஒரு ராத்திரியை விட்டேன்.

நைட்ஷிப்ட்_நவீன் | 12.31
கம்ப்யூட்டர்தான். ஸ்பேஸ் பார்தான் அழுத்துறேன். மோனா ஏதோ குடிக்கக் குடுத்தா, மயங்கி விழுந்ததும் இந்த இடம் வந்துச்சு.

பழைய_சிபியு | 12.40
அப்போ பாகம் 2, முதல் கனவு. நல்லது, ரெண்டுல இதுதான் சுலபம்.

மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, மவுஸைத் தாழ்த்தி கேமராவைத் தரைப் பக்கம் வைங்க, கோடு மேக்ஸோட கால்ல மறையாம தெரியணும். ரெண்டு, ஓடாதீங்க. முன்னாடி போற கீயைத் தட்டித் தட்டி விடுங்க. திரும்பணும்னா நின்னுட்டு மவுஸால திரும்பிட்டு அப்புறம் நடங்க, நடந்துக்கிட்டே திரும்பினா கால் வெளிய போயிடும். ஒவ்வொரு திருப்பத்துலயும் எஃப்5 அழுத்தி சேவ் பண்ணுங்க, விழுந்தா எஃப்9 அழுத்தி அதே இடத்துக்குத் திரும்புங்க.

மூணாவதுதான் முக்கியம். கோடு பிரியுற இடத்துல கண்ணை நம்பாதீங்க, காதை நம்புங்க. குழந்தை அழுவுற சத்தம் எந்தப் பக்கம் பலமா வருதோ அந்தப் பக்கம் போங்க. ஹெட்ஃபோன் இருந்தா நல்லது.

தளபதி_64 | 12.47
அழுகையை வெச்சு வழி கண்டுபிடிக்கலாம்ங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். ஸ்பீக்கர்ல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கேக்கும். பிரியுற இடத்துல சேவ் பண்ணு, ஒரு பக்கம் போய்ப் பாரு, முட்டுச்சந்துன்னா திரும்பி வா. அவ்வளவுதான்.

பழைய_சிபியு | 12.52
ஸ்பீக்கர்ல கேட்டா உங்களுக்கு அப்படித்தான் தெரியும். ஹெட்ஃபோன் போட்டுட்டு ஒரு தடவை விளையாடிட்டு வந்து சொல்லுங்க தளபதி.

நைட்ஷிப்ட்_நவீன் | 12.58
எந்தக் குழந்தை?

பழைய_சிபியு | 1.01
அந்த இருட்டுல குழந்தை அழுவுற சத்தம் தொடர்ந்து வருமே ப்ரோ. மேக்ஸோட குழந்தை.

நைட்ஷிப்ட்_நவீன் | 1.04
எனக்கு சத்தமே வராது. ஆரம்பத்துலேர்ந்தே வரல. பழைய கேம், அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்.

ரவை_தீர்ந்தது | 1.05
என்னது?

ரெட்டை_பெரட்டா | 1.07
துப்பாக்கிச் சத்தம்கூட வரலையா?

நைட்ஷிப்ட்_நவீன் | 1.11
இல்ல. கதை வர்ற இடத்துல காமிக்ஸ் மாதிரி படமும் பக்கத்துல எழுத்தும் வருது, அதைப் படிச்சுக்கிட்டே பாகம் 1 முழுக்க முடிச்சுட்டேன். நைட் ஷிப்ட் முடிச்சு வந்து விளையாடுறதால வீட்டுல எல்லாரும் தூங்குவாங்க. சத்தம் இல்லாதது எனக்குத் தொந்தரவாவே படல, அதான் சொல்லல.

யாழ்_ஜன்னல் | 1.20
தம்பி, எனக்கும் உதே பிரச்சினைதான் வந்தது. பழுது உங்கட கம்ப்யூட்டர்ல இல்லை, ஸ்பீக்கரை மாத்த வேண்டாம். அந்தக் கேமின்ட ஒலிக் கோப்புகளை அந்தக் காலத்துச் சுருக்க முறை ஒண்டில, ஏடிபிசிஎம் எண்டு சொல்லுறது, அடைச்சு வச்சிருக்கினம். விண்டோஸ் 8, 10 வந்தாப் பிறகு கனபேருக்கு அது வாசிக்கப்படுறேல்ல. படம் ஒழுங்கா ஓடும், சத்தம் மட்டும் வராது.

அந்தக் கோப்புகளைச் சுருக்காத ஒலியா மாத்தி, ரசிகர்கள் ஒரு ஒலி பேட்ச், அதாவது பழுது திருத்துற கோப்புத் தொகுதி, செய்து விட்டிருக்கினம். அதை இறக்கி கேம் ஃபோல்டருக்குள்ள விரிச்சு விட்டாச் சரி. முதல்ல ஃபோல்டரை ஒரு நகல் எடுத்து வையுங்கோ. சேவ் எல்லாம் மை டாக்குமென்ட்ஸ்ல தனி ஃபோல்டர்ல இருக்கும், அதையும் நகல் எடுத்தா பயமில்லை.

ரெட்டை_பெரட்டா | 1.26
எதுக்கும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி மாதிரி ஓட்டுற காம்பாடிபிலிட்டி மோட்ல ஓட்டிப் பார்க்கலாம். அப்புறம் அந்த ஃபிரேம் ரேட்டும்.

யாழ்_ஜன்னல் | 1.29
காம்பாடிபிலிட்டி மோட் நான் எல்லாம் போட்டுப் பார்த்தனான், எனக்குச் சத்தம் வரேல்ல. பேட்ச் போட்டாப் பிறகுதான் வந்தது.

ஜம்ப்30 | 1.34
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ஷார்ட்கட்ல பிராப்பர்ட்டீஸ் போய் கடைசில ஒரு ஹைஃபன் போட்டு டெவலப்பர்னு சேர்த்து ஓட்டுங்க. உள்ள போனதும் எஃப்12 அழுத்தினா கட்டளை அடிக்கிற கன்சோல் வரும். ஜம்ப்20னு அடிச்சா மேக்ஸ் மாடி உயரம் தாவுவான், நோகிளிப்னு அடிச்சா காத்துல மிதந்தே அக்கரை போயிடலாம். அஞ்சு நிமிஷ வேலை. அந்த இடம் கேமோட ஓட்டத்தையே கெடுக்குது. சுடுறதுக்காக வந்தவனைக் கயிறு மேல நடக்க விடுறது என்ன நியாயம்?

ரவை_தீர்ந்தது | 1.41
நோகிளிப் போட்டுத் தாண்டினா அந்த இடத்தைப் பார்க்காத மாதிரிதான். இந்தக் கேம்ல நியூயார்க் பனி, பஞ்சினெல்லோ கும்பல், ஹோட்டல், கிளப்னு எங்க பார்த்தாலும் ரவுடிங்களைச் சுட்டுத் தள்ளிக்கிட்டே போறோம். எதுக்காகச் சுடுறான்னு மறந்து போற நேரத்துல அந்த இருட்டு வருது. துப்பாக்கி எதுவும் உதவாத ஒரே இடம் அது. அங்க அவனுக்கு மிச்சம் இருக்குறது அந்தச் சத்தமும் காலடியில அந்தக் கோடும்தான்.

ஜம்ப்30 | 1.45
கருத்து நல்லா இருக்கு. ஆனா இருபதாவது தடவை விழுந்தப்புறம் இதையெல்லாம் யோசிக்கத் தோணாது. நவீன் ஞாயித்துக்கிழமை கிளம்பணும்னு சொல்லியிருக்கார்.

தளபதி_64 | 1.49
சீட் கோட் போட்டு முடிக்கிறது முடிச்சதா ஆகாது. முதல் தடவை ஃபுகிடிவ்ங்கிற கஷ்டநிலைல மட்டும்தான் ஆட விடுவான், அதை முடிச்சாத்தான் ஹார்ட் பாய்ல்டு திறக்கும், நியூயார்க் மினிட் திறக்கும். அந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கு. ஃபுகிடிவ்ல நீங்க அடிக்கடி செத்தா கேமே கவனிச்சுக்கிட்டு உங்களுக்கு இறங்கி வரும், நல்லா ஆடினா இறுக்கும். அப்படி ஒரு வாத்தியார் கூடவே இருக்கும்போது நோகிளிப் எதுக்கு?

ஜம்ப்30 | 1.52
பள்ளத்துல விழுறவனுக்கு அந்த வாத்தியார் என்ன பண்ணுவார்? எதிரியோட பலத்தைக் குறைக்கலாம், கோட்டை அகலமாக்க முடியாதே.

தளபதி_64 | 1.55
அது சரி. அதை ஒத்துக்கிறேன்.

பழைய_சிபியு | 2.03
நவீன், கோடு முடிஞ்சதும் அடுத்த அத்தியாயத்துல ஆயுதம் எல்லாம் பறிபோயிருக்கும், பேஸ்பால் மட்டையோட ஃப்ராங்கி

ரவை_தீர்ந்தது | 2.04
அண்ணே, தயவு செஞ்சு நிறுத்துங்க. அவர் முதல் தடவை ஆடுறார்.

பழைய_சிபியு | 2.06
2001 கேமுக்கு எதுக்குப்பா இவ்வளவு?

ரவை_தீர்ந்தது | 2.09
கேம்தான் 2001. அவருக்கு இந்த வாரம்தானே புதுசு. அதுவும் சத்தமே இல்லாம ஆடியிருக்கார். மேக்ஸுக்குக் குரல் குடுத்த ஜேம்ஸ் மெக்காஃப்ரியையே கேட்காம பாகம் 1 முடிச்சிருக்கார்னு நினைக்கும்போது எனக்கு மனசு ஆறல. 2023 டிசம்பர்ல அவர் இறந்த அன்னிக்கு ராத்திரி நான் கேமைப் போட்டு பாகம் 1ல வர்ற ரோஸ்கோ ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல சும்மா நடந்துக்கிட்டு இருந்தேன், அந்தக் குரலைக் கேக்குறதுக்காக மட்டும். எழுத்தைப் படிச்சா கதை தெரியும். ஒவ்வொரு வாக்கியத்தோட கடைசியிலயும் குரல் கீழ இறங்குமே, அந்தக் களைப்பு எழுத்துல வராது.

பழைய_சிபியு | 2.14
சரி. வாய் தவறிடுச்சு. நவீன், அந்த வரியை விட்டுடுங்க.

யாழ்_ஜன்னல் | 2.22
நான் ஒண்டு சொல்லுறன். முதல் தடவை விளையாடேக்க நான் பள்ளிக்கூடப் பெடியன். அந்த அழுகை எனக்கு வழி காட்டுற ஒரு சத்தம் மட்டும்தான். போன வருசம் திரும்பப் போட்டனான், மகளுக்கு அப்ப நாலு மாசம். ஹெட்ஃபோன்ல அழுகை கேட்டதும் கழட்டிப்போட்டு ஓடிப் போய்த் தொட்டிலைப் பார்த்தனான். பிள்ளை நல்ல நித்திரை. திரும்ப வந்திருந்து, ஒரு காதில மட்டும் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டை நடந்து முடிச்சனான். ஒரு காதால வலம் இடம் பிடிக்கேலாது, அதால கனதரம் விழுந்தும் போனன். இந்த விசயத்தில தளபதி சொல்லுறதும் பிழை இல்லை. ரெண்டு காதாலும் கேட்டாத்தான் பக்கம் தெரியும்.

தளபதி_64 | 2.30
நான் ஆடின காலத்துல என்கிட்ட ஒரே ஸ்பீக்கர்தான் இருந்துச்சு. மானிட்டர் பக்கத்துல ஒண்ணு, இன்னொண்ணு போயிடுச்சு. அதனாலதான் ரெண்டு பக்கமும் ஒண்ணாக் கேட்டிருக்கும்னு இப்போ தோணுது. நாளைக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

ரெட்டை_பெரட்டா | 2.33
நவீன், பேட்ச் போட்டீங்களா? 60க்குப் பூட்டினீங்களா? ஏதாவது சொல்லுங்க.

பழைய_சிபியு | சனி, காலை 9.15
நவீன்?

தளபதி_64 | சனி, மாலை 6.40
ஹெட்ஃபோன் போட்டு ஆடினேன். பக்கம் தெரியுது. முதல் பிரிவுல ரெண்டு பக்கமும் நின்னு பார்த்தேன், சரியான பக்கம் திரும்பினதும் அழுகை பக்கத்துல வந்த மாதிரி இருக்கு. பழைய_சிபியு சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. முன்னாடி எழுதினதை அப்படியே விடுறேன், படிக்கிறவங்க இதையும் சேர்த்துப் படிக்கட்டும்.

நைட்ஷிப்ட்_நவீன் | ஞாயிறு, காலை 5.20
சத்தம் வந்துடுச்சு. பேட்ச் போட்டதும் மெனுவுலயே இசை வந்துச்சு, பயந்து வால்யூமைக் குறைச்சேன். ஹெட்ஃபோன் போட்டு நாலாவது தடவைல கோட்டைத் தாண்டிட்டேன். 60க்குப் பூட்டல. அதோட நிறுத்தி வெச்சிருக்கேன். ஊர்லேர்ந்து வந்ததும் ரோஸ்கோ ஸ்ட்ரீட்லேர்ந்து திரும்ப ஆரம்பிக்கப் போறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு. எல்லாருக்கும் நன்றி.

ரவை_தீர்ந்தது | காலை 7.02
கேமோட முதல் காட்சியில மேக்ஸ் வீட்டுக்குள்ள நுழையும்போது அவசரப்படாம நடங்க. அங்கயும் அழுகை வரும்.

மூணாவது_மாடி | ஏழு மாசம் கழிச்சு
எனக்கும் இதே. சத்தம் வரல. பேட்ச் இறக்கி விரிச்சேன், ஆனா ஒண்ணும் மாறல. நவீன் அண்ணா, நீங்க எந்த ஃபோல்டர்ல போட்டீங்க?

தளபதி_64 | அதே நாள்
நவீன் அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வரல, நான் சொல்றேன். மேக்ஸ்பெய்ன் எக்ஸி, அதாவது கேமைத் தொடங்குற கோப்பு, இருக்குற அதே ஃபோல்டர்ல கோப்புகள் நேரடியா விழணும். விரிக்கும்போது பேட்ச் பேர்ல உள்ள இன்னொரு ஃபோல்டர் உருவாகியிருக்கும், கேம் அதைத் திறந்து பார்க்காது. அதுக்குள்ள இருக்குறதை எல்லாம் வெட்டி எக்ஸி பக்கத்துல ஒட்டுங்க. ஏற்கெனவே இருக்கு, மாத்தவான்னு கேட்டா மாத்துன்னு குடுங்க. அப்புறமும் வரலைன்னா எந்த விண்டோஸ், கேம் டிஸ்க்லேர்ந்து போட்டதா இறக்கினதா, ரெண்டையும் இங்க எழுதுங்க, பார்க்கலாம்.