5 வயதுக்கும் 12 வயதுக்கும் பொதுவா ஒரு ஆட்டம் சொல்லுங்களேன்

வணக்கம். வாரம் ஒருநாள் உள்ளரங்கில் ஒரு மணி நேரம் பிள்ளைகளை விளையாட வைக்கிறேன். மொத்தம் 22 பேர், 5 வயதிலிருந்து 12 வரை. இடத்துக்குக் குறைவில்லை; முழு கூடைப்பந்து ஆடுகளம், 28க்கு 15 மீட்டர். எல்லாரையும் ஒன்றாக ஓட வைப்பதுதான் பெரும்பாடு.

போன வாரம் பந்தால் அடித்து அவுட்டாக்கும் ஆட்டம். ஸ்பாஞ்ச் பந்துதான். இருந்தும் இரண்டே நிமிடத்தில் குட்டிகள் ஆறு பேரும் அவுட். ஒருத்தி சுவரோரம் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே இருந்தாள். இனி ஆளை வெளியேற்றும் ஆட்டமே வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஓரளவு எடுபட்டது ஓடிப்பிடிப்பதுதான். தொட்டால் சிலை, யாராவது காலுக்கடியில் புகுந்து வந்தால் திரும்ப உயிர். உயிர் கொடுக்கும் வேலை குட்டிகளுக்கு மட்டும் என்றதும் அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். துரத்துகிற பெரியவர்களை நொண்டியடிக்கச் சொன்னேன், வேகம் சமமாகிவிட்டது. ஆனால் பத்து நிமிடத்தில் பெரியவர்களுக்கு அலுத்துவிடுகிறது.

கையில் 20 கூம்பு, 10 வளையம், 8 ஸ்பாஞ்ச் பந்து, இரண்டு மெத்தை இருக்கின்றன. ரிலே சொல்லாதீர்கள், ஓடுவதை விட வரிசையில் நிற்பதுதான் அதிகம்! பெரியவர்கள் கொஞ்சம் திட்டம் போட்டு ஆடுகிற மாதிரி, குட்டிகளும் வெறும் ஒப்புக்குச் சப்பாணியாக இல்லாத மாதிரி ஏதாவது உண்டா? அப்படியே இன்னொன்று: வேகமாக வந்து சுவரில் மோதுகிறார்கள். எல்லைக்கூம்பை 2 மீட்டர் உள்ளே வைத்தும் சிலர் நிற்பதில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?