எல்க் மான் வேட்டைக்கு எந்த ஸ்கோப் (துப்பாக்கியில் குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கலாம்?

வணக்கம். கொலராடோவில் இருக்கிறேன், அக்டோபரில் எல்க் வேட்டைக்குப் போகிறேன். துப்பாக்கி .30-06 ரகத் தோட்டா போடுவது. போன வருடம் மலிவாக வாங்கிய ஸ்கோப்பில் காலைக் குளிருக்கு உள்பக்கமே ஆவி படிந்துவிட்டது. துடைத்தால் போகிற ஆவியா அது? அறுபது கஜத்தில் நின்ற ஆண் எல்க் வெறும் புகையாகத் தெரிந்தது. அப்புறம் துப்பாக்கி உதைத்ததில் ஸ்கோப் இடித்துப் புருவத்தில் வெட்டு. தழும்பு இன்னும் இருக்கிறது.

இங்கே சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்தே சுடலாம். எல்க் மேய வருவதும் அந்த மங்கலில்தான். அதனால் உருப்பெருக்கத்தைவிடக் கண்ணாடியின் தெளிவுதான் எனக்கு முக்கியம். 300 கஜத்துக்கு மேல் சுடமாட்டேன்.

லூபோல்ட் கம்பெனியின் 3-9×40 (3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கம், 40 மி.மீ. முன்கண்ணாடி) போதுமா? 50 மி.மீ. முன்கண்ணாடி என்றால் கூடுதல் எடைக்கு ஏற்ற வெளிச்சம் கிடைக்குமா? மலையேறிச் சுமக்கப்போவது நான்தான். கண்ணுக்கு நான்கு அங்குல இடைவெளி தருகிற மாடல் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். பட்ஜெட் 600 டாலர்.