உப்பின பேட்டரி, செத்த லேப்டாப், குண்டு டிவி: யார்கிட்ட குடுக்குறது?

பரண்மேல_பெட்டி:
வீடு ஒழிக்கும்போது ஒரு அட்டைப்பெட்டி சிக்குச்சு. நாலு பழைய போன், அதுல ஒண்ணுக்கு பேட்டரி உப்பி பின்மூடியையே தூக்கிட்டு நிக்குது, ஒரு செத்த லேப்டாப், சிக்கு விழுந்த சார்ஜர் வயர் ஒரு கத்தை, இது போக பரண்ல ஒரு குண்டு டிவி. பழைய சாமான் எடுக்குறவர் மொத்தமா எடை போட்டு எடுத்துக்கறேன்றார், ஆனா குடுத்தா எங்கயாவது கொண்டுபோய் எரிப்பாங்களோன்னு உறுத்தலா இருக்கு, குப்பைத்தொட்டில போடவும் மனசு வரல. நானே கழட்டி செம்பு தனி பிளாஸ்டிக் தனின்னு பிரிச்சு குடுத்தா புண்ணியமா? யூட்யூப்ல ஆசிட்ல ஊறவச்சு தங்கம்லாம் எடுக்குறாங்களே, அதையும் ஒரு கை பார்க்கலாமான்னு ஒரு சபலம் 😅

சால்டரிங்_சாமி:
தங்கத்தை அப்புறம் பாப்போம், முதல்ல அந்த உப்பின போனை பெட்டியிலேந்து தனியா எடுங்க. சார்ஜ் போடாதீங்க, அமுக்காதீங்க, மூடியை நெம்பி பேட்டரியை எடுக்க பாக்காதீங்க. உள்ள கேஸ் சேர்ந்துதான் அப்படி உப்புது, ஸ்குரூடிரைவர் முனை பட்டு ஓட்டை விழுந்தா அந்த இடத்துலயே பத்திக்கும். போனோட அப்படியே ஒரு தகர டப்பால காஞ்ச மணல் போட்டு புதைச்சு வைங்க, மூடியை இறுக்கிடாதீங்க, வீட்டுக்கு வெளிய மழை படாத இடமா இருக்கட்டும். மத்த கழட்டுற பேட்டரிக்கு முனைல டேப் ஒட்டிட்டா போதும். குப்பைவண்டில போட்டா வண்டி உள்ள குப்பையை அமுக்கும்போதுதான் தீப்பிடிக்கும்.

இப்ப தங்கம். ஒரு டன் போன்ல ஏறக்குறைய 300 கிராம் தங்கம்னு சொல்வாங்க, கணக்கு போட்டா உங்க நாலு போனுக்கும் சேர்த்து 0.1 கிராம் சொச்சம் தேறும். அதுக்கு நைட்ரிக்கும் ஹைட்ரோகுளோரிக்கும் கலந்தா செம்மஞ்சளா ஒரு புகை வரும் பாருங்க, மூச்சுல போனா அப்போதைக்கு ஒண்ணும் தெரியாது, சில மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோத்துக்கும். மிச்ச ஆசிட்டை எந்த சாக்கடைல ஊத்துவீங்க? வேணாம் விடுங்க.

கறார்_பேர்வழி:
பழைய சாமான்காரர்கிட்ட குடுக்கவே குடுக்காதீங்க. சீனால குய்யூ, கானால அக்ராவுல அக்போக்ப்ளோஷி, ரெண்டும் பழைய மின்சாமானை கொட்டி உடைச்சு எரிச்ச இடம், என்ன ஆச்சுன்னு தேடி பாருங்க. குய்யூ குழந்தைங்க ரத்தத்துல ஈயம் அதிகமா இருந்துச்சுன்னு ஆய்வே இருக்கு. 2022ல மட்டும் உலகத்துல 6.2 கோடி டன் மின்கழிவு, முறையா சேகரிச்சு மறுசுழற்சி ஆச்சுன்னு கணக்குல இருக்கறது அதுல கால்வாசி கூட இல்ல. மிச்சம் எங்க போகுதுன்னு நினைக்கறீங்க? பதிவு பண்ண ரீசைக்கிளர்கிட்ட மட்டும் குடுங்க.

கழட்டுறவன்:
கறார் அண்ணே கோச்சுக்காதீங்க, நான் இந்த வேலைதான் பாத்தேன் ரெண்டு வருஷம். சேகரிக்கறதும் கையால கழட்டுறதும் தப்பே இல்ல, சொல்லப்போனா மெஷின்ல போட்டு அரைக்கறதை விட கைவேலைல பொருள் சுத்தமா பிரியும். கெடுதல் கடைசி படில இருக்கு, வயரை எரிக்கறது, சர்க்யூட் போர்டை ஆசிட்ல போடுறது. பிவிசி உறையோட செம்பு கம்பியை எரிச்சா டையாக்சின்னு கடும் விஷம் வரும். தடி வயரை பெரும்பாலும் எரிக்கமாட்டாங்க, கத்தில ஒரு கோடு கிழிச்சா உரிஞ்சு வந்துடும். உங்க சார்ஜர் வயர் மாதிரி மெல்லிசுதான் தீயில போகும், உரிக்கற கூலிக்கு கட்டாது. அக்ரா யார்டை 2021ல இடிச்சு தள்ளினாங்க, எரிக்கறது நின்னுச்சா? பக்கத்துல வேற இடத்துக்கு போச்சு, அவ்ளோதான்.

அதனால அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, "போர்டை யாருக்கு விப்பீங்க?" முழுசா வாங்கற ஆளுக்குன்னு சொன்னா அது பெரும்பாலும் கைமாறி கைமாறி பெரிய உருக்காலைக்கு போகும். பெல்ஜியத்துல ஹோபோக்கன்ல இருக்கற மாதிரி ஆலைங்க தங்கம், வெள்ளி, பல்லேடியம்னு எல்லாத்தையும் எடுக்கும், புகையையும் வடிகட்டித்தான் வெளிய விடும். "நாங்களே சுட்டு எடுத்துப்போம்"னா அவர்கிட்ட குடுக்காம வேற ஆளை பாருங்க. நீங்களா பிரிக்கவும் வேணாம், முழுசா இருந்தாதான் நல்ல ஆள் வாங்குவான், லாபம் உள்ளதை உருவிட்டு குடுத்தா மிச்சத்தை ரோட்டோரம் வீசிட்டு போயிடுவான்.

டிவிதான் தலைவலி. பின்னாடி இருக்கற செம்புச் சுருளுக்கு ஆசைப்பட்டு பிக்சர் ட்யூபை உடைப்பாங்க, கண்ணாடியை யாரும் சீந்தமாட்டாங்க. கலர் டிவி ட்யூப்ல ஒரு கிலோவுக்கு மேல ஈயம், எல்லாம் அந்த கண்ணாடிக்குள்ளதான். நான் முதல் தடவை கழுத்தை உடைச்சப்போ "டம்"னு காத்து உள்ள இழுத்துச்சு, கண்ணாடித் தூள் புருவத்துல, நல்ல நேரம் கண்ணுல படல. டிவி ஓடுதா?

பரண்மேல_பெட்டி:
ஓடுது தம்பி, கலர் மட்டும் பச்சையா அடிக்குது.

கழட்டுறவன்:
அப்ப ரிப்பேர் ஆளுக்கு ஓசில குடுத்துடுங்க, கொஞ்ச வருஷமாவது உடையாம இருக்கும்.

சால்டரிங்_சாமி:
லேப்டாப்பை குடுக்கறதுக்கு முன்னாடி ஹார்ட்டிஸ்க்கை கழட்டி வச்சுக்கங்க, செத்த லேப்டாப்னாலும் டிஸ்க் பெரும்பாலும் உயிரோடதான் இருக்கும், சில சமயம் டெலீட் பண்ண போட்டோ கூட வரும். ஓடுற போன்ல அக்கவுண்டை சைன் அவுட் பண்ணிட்டு ரீசெட் அடிங்க.

பரண்மேல_பெட்டி:
மணல் டப்பா ரெடி, மாடிப்படிக்கு அடில வச்சாச்சு. சாமான்காரர்கிட்டயும் கேட்டேன். போர்டு தனியா ஒரு ஆள் வந்து மூட்டை கட்டி எடுத்துட்டு போவாராம், வயர் பத்தி கேட்டா மட்டும் சிரிக்கறார். வயர் கத்தையை நானே வச்சுக்கிட்டேன்.