புதுப்பிப்பு: ஜிகணி கிரானைட் பட்டறைக்கு எந்த மாஸ்க்?

பெங்களூரு பக்கத்து ஜிகணியில் கல் அறுக்கும் நம்ம ஊர்ப் பசங்களுக்குத் துணி மாஸ்க் போதுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

துணி, சர்ஜிக்கல் இரண்டையும் ஒதுக்கிவிட்டோம். கல்லை அறுக்கும்போது பறந்து நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா தூசுக்கு அவை பேருக்குத்தான். என்95 முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால் மூச்சில் போகும் தூசு பத்தில் ஒரு பங்காகக் குறையும். காய்ந்த கல்லில் கிரைண்டர் பிடிப்பவருக்கு அது பத்தாது. அதனால் முதலில் அறுக்கும் மெஷினுக்குத் தண்ணீர் லைன் போட்டாயிற்று. கிரைண்டர்காரர்களுக்கு, நுண்தூசைக் கிட்டத்தட்ட முழுதாகப் பிடிக்கும் பி100 ஃபில்டரோடு முழு முகத்தையும் மூடும் மாடல்.

சிக்கல் தாடிதான்! தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, இடுக்கில் தூசு உள்ளே போய்விடும். ஒரு அண்ணன் மாஸ்க்கைக் கழற்றினால் மூக்கோரமும் தாடைக்கீழும் வெள்ளைக் கோடு. "தாடிய மட்டும் எடுக்க மாட்டேன் தம்பி" என்கிறார். அவருக்கு பேட்டரி விசிறி காற்றை வடிகட்டித் தரும் தலைமூடிதான் சரி. விலையைக் கேட்டு முதலாளி இன்னும் வாயே திறக்கவில்லை.